சிரிப்பு ஷாட்

பிணத்துக்கு வியர்க்கிறது, கட் என்றான் டைரக்டர். ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் மோனிஷ் படுத்திருந்தான். மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் நாணயம். பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தால் பையன் விறைத்துவிடுவான், கொடுக்காவிட்டால் வியர்க்கிறான். மூடியைத் தூக்கி நான்தான் என் துண்டால் முகத்தைத் துடைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "கஜாண்ணே, பஞ்சு ரொம்ப உள்ள பூட்ச்சு, தும்மல் வருது" என்றான்.

"செத்தவன் தும்ம மாட்டான். அடக்கிக்கோ."

மேளக்காரர்கள் சிரித்தார்கள். அவர்கள் நிஜ மேளக்காரர்கள். பெட்டியும் நிஜம், பாடையும் நிஜம். எல்லாம் நான் ஏற்பாடு செய்ததுதான்.

உட்காருங்கள் தம்பி. அந்த ஸ்டூல் ஆடும், சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குறும்படத்தைப் பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறீர்கள்? நீங்களும் இந்தக் குடியிருப்பு பிளாக்குகளில் ஒரு படம் எடுக்க வேண்டும், நடிக்கப் பையன்கள் வேண்டும். சரி. யார் வந்தாலும் கடைசியில் இந்த பிளக்ஸ் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். ஆனால் வெளியே ஆளாளுக்கு ஒன்று சொல்லுவார்கள், அதற்கு முன்னால் என்னிடம் கேட்டுவிடுங்கள். நடந்ததற்கு ஒரே காரணம்தான். சிரிப்பு ஷாட் எடுக்கவில்லை.

உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சினிமாவில் செத்தவனாக நடித்தவன் ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் எடுக்க வேண்டும். படத்தில் வராது, ஆனாலும் எடுக்க வேண்டும். மாலை போட்ட போட்டோவாக நடித்தவனுக்கும் அதே கதைதான். இல்லாவிட்டால் அந்தச் சாவு ஆளைத் தேடிக்கொண்டு அலையும். பெரிய பெரிய நடிகர்களெல்லாம் செய்கிறார்கள். இந்தப் படித்த பையன், டைரக்டர் நிரஞ்சன், செய்யவில்லை.

முதலில் அந்த இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மோனிஷ் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கத்து பிளாக். ஆல்வின் அந்தப் பக்கம். ஆற்றங்கரையில் குடிசைகளைப் பிரித்துப்போட்டு எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கினபோது இரண்டும் இடுப்புக் குழந்தைகள். ஒரே லாரியில் வந்தவர்கள்தான். இங்கே வந்த பிறகு நடுவில் தொட்டி நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் இந்த அட்ரஸ் சொன்னால் கடைசி பெஞ்சு. வேலை கேட்டுப் போனால் அட்ரஸைப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்பான். போலீஸ்காரர்கள் வந்தால் பையன்களை வரிசையாக நிற்கவைத்து செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். செய்தவன், செய்யாதவன் எல்லாம் ஒன்றுதான். பிறகு இவன்கள் யாரை அடிப்பான்கள்? எதிரே இருக்கிற கண்ணாடிக் கட்டடத்துக்காரனையா அடிக்க முடியும்? தொட்டிக்கு அந்தப் பக்கத்தவனை அடிப்பான்கள்.

கால்பந்து ஆடப்போன இடத்தில் ஆல்வின் ஒரு டியூப் லைட்டை உடைத்து மோனிஷின் கையில் இழுத்துவிட்டான். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் வாய் பிளந்துவிட்டது. மோனிஷுக்கு ஒரு அண்ணன், தீனா. அப்பன் இல்லாத வீட்டில் அவன்தான் அப்பன். தம்பி ஆஸ்பத்திரியில் தையலுக்குப் படுத்திருக்க, இவன் நேராகப் போய் ஆல்வினின் தாய்மாமன் டேவிட்டை நடுத்தெருவில் தள்ளி, ஹாலோ பிளாக் கல்லைத் தூக்கி முழங்கால்மேல் போட்டான். அந்தச் சத்தம் இந்தக் கடை வரைக்கும் கேட்டது. டேவிட் இன்றைக்கும் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறான்.

அந்தச் சண்டையை முடித்துவைத்தவன் நான். இதே இடத்தில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில். ஸ்டேஷனில் பேசினேன், தொட்டிக்கு இரண்டு பக்கமும் பேசினேன். தீனா இந்த ஏரியாவில் இருக்கக் கூடாது என்று முடிவானது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு குவாரிக்குப் போனான். போன் வைத்துக்கொள்ளவில்லை, போன் இருந்தால் போலீஸ்காரன் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான் என்று. போகும்போது இந்த வாசலில் நின்று சொன்னான்.

"கஜாண்ணே, உன் பேச்ச நம்பித்தான் போறேன். என் தம்பிக்கு ஒண்ணுன்னா நான் ஸ்டேஷனுக்குப் போமாட்டேன். உங்கிட்டயும் வந்து கேட்டுக்கினு நிக்கமாட்டேன். நேரா ஆல்வின்கிட்டதான் போவேன்."

"போடா, ஒண்ணும் ஆவாது. நான் இருக்கேன்" என்றேன். என் பேச்சுக்கு இங்கே ஒரு மரியாதை உண்டு தம்பி. விசாரித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் நிரஞ்சன் வந்தான். நல்ல பையன், வெளிநாட்டில் படித்தவன், டீயில் சர்க்கரை வேண்டாம் என்பான். இரண்டு பையன்கள், இரண்டு பிளாக், கடைசியில் ஒருவன் இன்னொருவனைக் குத்திவிடுகிறான். இதுதான் கதை. எல்லாம் ரியலாக இருக்க வேண்டும் சார் என்றான். நிஜமாகவே அடித்துக்கொண்ட பையன்கள் கிடைப்பார்களா என்று கேட்டான். கையோடு இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றேன். கிழித்தவனே குத்தட்டும், கிழிபட்டவனே சாகட்டும் என்று நான்தான் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஒத்திகையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ரப்பர் கத்தி. ஆல்வினுக்குக் குத்தவே வரவில்லை. கத்தியை வயிற்றுக்கிட்டே கொண்டுபோனதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

"டேய், கூசுதுடா" என்பான் மோனிஷ்.

"நெசமா கீச்சப்ப கூசலியா?"

"அப்ப நீ எங்கடா மூஞ்சியப் பார்த்த. கீச்சுட்டு ஓடினியே, பேமானி."

"நீ கத்தின கத்துல பயந்துட்டேன்டா."

குத்தும்போது வயிற்றைப் பார்க்காதே, அவன் கண்ணைப் பார் என்று நிரஞ்சன் சொல்லிக்கொடுத்தான். கண்ணைப் பார்த்தால் இன்னும் சிரித்தான்கள். ஒரு வாரத்தில் ஒரே வண்டியில் சுற்ற ஆரம்பித்துவிட்டான்கள். மோனிஷ் வீட்டில் ஆல்வின் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறான் என்று கேள்விப்பட்டேன். அதுவும் என்னால்தான் என்று யாராவது சொல்கிறார்களா? சொல்ல மாட்டார்கள்.

மோனிஷின் அம்மா கலாவதி மட்டும் பிடிவாதமாக நின்றாள். அடுக்குமாடிகளில் வீட்டுவேலை பார்க்கிறவள். வேலைக்குப் போகிற வழியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். "பெத்த புள்ளைய பொணமா படுக்க வைக்கிறீங்க. படுக்கட்டும். ஆனா எழுந்து சிரிக்கணும்ண்ணே. அத எடுக்கணும். அவன் சிரிக்கிறத நான் பார்க்கணும்." என் தலைமேல் கை வைத்துச் சொன்னேன், எடுக்க வைக்கிறேன் என்று. அவளுக்கு அந்தப் பையனை விட்டால் வேறு என்ன இருக்கிறது. ஒருத்தன் குவாரியில், இவன் ஒருத்தன்தான் கையில்.

இப்போது போஸ்டர் விஷயத்துக்கு வருகிறேன். சாவுக் காட்சிக்குச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும் என்றான் நிரஞ்சன். வெறுமனே போட்டோ, பெயர் போதும் என்றான். தம்பி, நீ படம் எடு, போஸ்டரை என்னிடம் விடு என்றேன். இந்த வட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் வாசகம் என்னுடையதுதான். அன்றைக்கும் எழுதினேன். 'வஞ்சகத்தால் வீழ்ந்தாயே, எங்கள் நெஞ்சகத்தில் வாழ்வாயே.' எழுதினதை நானே இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். மேலே மோனிஷ் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு நிற்கிற போட்டோ. தோற்றம் என்று அவனுடைய நிஜப் பிறந்த தேதி. மறைவு என்று ஷூட்டிங் தேதி. கீழே 'கண்ணீருடன்' என்று நான் கை கூப்பி நிற்கிற படம். நிரஞ்சன் தலையைச் சொறிந்தான். ஏரியாவில் பெரிய மனுஷன் முகம் இல்லாத அஞ்சலியை எவன் நம்புவான் என்று கேட்டேன். அப்படியே அடிக்கக் கொடுத்தேன்.

பிரஸ்ஸில் கொஞ்சமாக அடித்துத் தர மாட்டார்கள். கேட்டதைவிட நிறைய வந்துவிட்டது. நிரஞ்சன் நாலைந்து எடுத்துக்கொண்டான். மிச்சத்தை என்ன செய்வது? பழைய பேப்பர்காரனுக்குப் போடுவதா? மோனிஷ் முகம் வேறு இருக்கிறது, என் முகம் இருக்கிறது. பையன்களை விட்டு மெயின்ரோட்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒட்டச் சொன்னேன். பிளாக்குக்குள் எல்லாருக்கும் தெரியும் இது படத்துக்கு என்று. சின்னப் பையன்கள், "மோனிஷ் செத்துட்டான், கறி சோறு எப்போ" என்று அவன் பின்னாலேயே ஓடினான்கள். நிரஞ்சன் இரண்டு தடவை சொன்னான், ஷூட் முடிஞ்சதும் எடுத்துடுங்க சார் என்று. மழை வந்தால் தானாகப் போகும். அதோடு, என் படத்தை நானே கிழிப்பது நன்றாகவா இருக்கும்?

சாவுக் காட்சி அன்றைக்குச் சாயங்காலம். பெட்டியில் வியர்த்தது என்றேனே, அன்றைக்குத்தான். ஒப்பாரி எடுத்தார்கள், மேளம் எடுத்தார்கள். பிரமாதமாக வந்தது. கலாவதி மட்டும் பெட்டியைப் பார்க்காமல் மாடிப்படியில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, ஏரியாவின் பெரிய மனுஷன் அழுகிற மாதிரி ஒரு குளோசப் இருந்தால் காட்சி தூக்கும் என்று. நிரஞ்சனிடம் சொன்னேன். தயங்கினான். இடம் கொடுத்தவன், ஆள் கொடுத்தவன் கேட்கிறேன், மாட்டேன் என்பானா? எடுத்தார்கள். முதலில் கண்ணீர் வரவில்லை. கிளிசரின் போட்டார்கள். போட்டால் கண் எரிகிறதே தவிர முகத்தில் துக்கம் வரவில்லை. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும்.

நடுவில் கலாவதி வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றாள். "அண்ணே, இருட்டறதுக்குள்ள புள்ளைய சிரிக்கச் சொல்லுங்கண்ணே."

"இரும்மா, ஷாட் போய்க்கினு இருக்குதில்ல."

கடைசியில் அழுகை வந்தது. நிஜமான அழுகை. அது முடியும்போது வெளிச்சம் போய்விட்டது. மேளக்காரர்களுக்கு வேறு ஒரு சாவு, கிளம்பிவிட்டார்கள். மோனிஷ் பெட்டியிலிருந்து குதித்து, பஞ்சைப் பிடுங்கி எறிந்து, அடுக்கடுக்காகத் தும்மினான். பசிக்குது என்று ஆல்வினோடு வண்டியில் ஏறிப் போய்விட்டான். சிரிப்பு ஷாட் என்றேன். நாளைக்குக் குத்துகிற சீனில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது சார், அதோடு எடுத்துக்கொள்ளலாம் என்றான் நிரஞ்சன். நாளைக்கு. பார்த்தீர்களா, அவன் வாயிலிருந்து வந்த சொல். கலாவதி படியேறிப் போனாள்.

குத்துகிற சீனைப் பாதி எடுத்து வைத்திருந்தான்கள். அதனால் மறுநாள் அதே சட்டை, அதே ரத்தம் இருக்க வேண்டும். துவைக்காதே என்று ஆல்வினிடம் சொல்லியிருந்தார்கள். அது என்ன ரத்தம், சர்க்கரைப் பாகு, கேசரிப் பவுடர், கொஞ்சம் கோகோ. பையில் சுருட்டி வைத்திருந்தான். காலையில் எடுத்துப் பார்த்தால் சட்டை முழுக்க எறும்பு. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று உதறி உதறிப் போட்டுக்கொண்டான். மார்பெல்லாம் காய்ந்துபோன சிவப்பு. "ஆல்வினு, உன்ன எறும்பே தின்னுடும்டா" என்று பையன்கள் கிண்டல் செய்துகொண்டிருந்தான்கள். படக்காரர்கள் இன்னும் வரவில்லை.

நான் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். தீனா மெயின்ரோட்டுப் பக்கமிருந்து வந்தான். ஆடி மாசம், கூழ் ஊற்றுகிற ஞாயிறு, அதற்கு வருவதாகச் சொல்லியிருந்தானாம். கையில் ஒரு துணிப்பை. முகம் வீங்கியிருந்தது. பஸ்ஸில் தூங்கியிருப்பான் என்று நினைத்தேன். கையைத் தூக்கினேன். அவன் தூக்கவில்லை. கூப்பிட்டிருப்பேன், சாவி பூட்டில் மாட்டிக்கொண்டது.

இளநீர் வண்டியைத் தாண்டும்போது பையைக் கீழே போட்டான். வண்டியிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டான். வண்டிக்காரர் இளநீர் கேட்கிறான் என்று நினைத்து, "இருப்பா, நான் வெட்டித் தரேன்" என்று சொன்னாராம்.

ஆல்வின்தான் முதலில் பார்த்தான். "தீனாண்ணா, எப்ப வந்த" என்று சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு அவனை நோக்கி வந்தான். ஓடவில்லை தம்பி. சிரித்துக்கொண்டு எதிரே வந்தான். முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். இரண்டாவதுக்குக் கையைத் தூக்கினான், விரல்கள் போயின. விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. இளநீர் வெட்டுகிற சத்தம்தான், ஒரு வித்தியாசமும் இல்லை. தூரத்தில் இருந்த இரண்டு வாண்டுகள் கேமரா எங்கே என்று தேடினார்கள். சட்டையில் எது படத்து ரத்தம், எது அன்றைக்கு வந்தது என்று பிறகு போலீஸ்காரராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சத்தம் கேட்டு மோனிஷ் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தான். தோளில் துண்டு. வாயில் பிரஷ். நுரையோடு, "ண்ணா" என்றான்.

தீனா திரும்பினான். கத்தியைத் தானாகவே கீழே விட்டான். தம்பியிடம் போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினான், குருடன் தடவுகிற மாதிரி. தைத்த கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு ஓங்கி ஒரு அறை. இன்னொரு அறை. "நீதான் செத்துட்டியேடா" என்று சொல்லிச் சொல்லி அடித்தான். கீழே தள்ளி மேலே உட்கார்ந்து அடித்தான். மோனிஷ் தடுக்கவே இல்லை. பிரஷ் குத்தி வாயெல்லாம் கிழிந்துவிட்டது. பக்கத்தில் ஆல்வினுக்கு இன்னும் மூச்சு இருந்தது. ஜீப் வந்து தூக்குகிற வரைக்கும் தீனா அடித்துக்கொண்டே இருந்தான்.

ஸ்டேஷனில் சொன்னானாம், பஸ்ஸை விட்டு இறங்கினதும் போஸ்டரைப் பார்த்தேன் என்று. வஞ்சகத்தால் என்று போட்டிருந்தது, சமாதானம் ஆன பிறகு ஆல்வின்தான் முதுகில் குத்தியிருக்கிறான் என்று நினைத்தேன் என்று. ஏன்டா, யாரையாவது ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார். கஜாண்ணன் போட்டோ இருந்துச்சு சார், அதுக்கு மேல யாரைக் கேட்கிறது என்றானாம். பாருங்கள் தம்பி, அந்த நிலைமையிலும் அவனுக்கு என்மேல் அவ்வளவு மதிப்பு. எல்லாம் அந்த சிரிப்பு ஷாட்டால் வந்தது. சாவு மோனிஷைத் தேடி வந்தது. ஆள் மாறிவிட்டது.

ஆல்வின் அடக்கத்துக்குப் போஸ்டர் நான்தான் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. குழியில் மண் போடும்போது டேவிட் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னான், "அண்ணன் உள்ள கீறான். தம்பி வெளியதான கீறான்." ஆல்வினின் அம்மா ரோஸ்லின் குழியோரம் நின்றாள். அவள் அழுததை நான் பார்க்கவில்லை.

அன்றையிலிருந்து கலாவதி வேலைக்குப் போகும்போது மோனிஷை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனாள். பையன் ஜன்னல் பக்கம்கூட வரமாட்டான். டேவிட் தினமும் காலை இழுத்துக்கொண்டு வந்து அந்த பிளாக்குக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவான். அவ்வளவுதான். நிற்பான், போவான்.

அந்தப் பாக்கி சீன் இல்லாமலே நிரஞ்சன் படத்தை முடித்துவிட்டான். எங்கேயோ பரிசு கொடுத்தார்கள். இங்கே சமுதாயக் கூடத்தில் ஒரு சாயங்காலம் போட்டுக் காட்ட வேண்டும் என்றான். நடித்தவன் இல்லாமல் என்ன படம், நான் போய் கலாவதியிடம் பேசினேன். வேண்டாம்ண்ணே என்றாள். நான் இருக்கிறேன், யார் என்ன செய்துவிடுவான் என்றேன். மோனிஷுக்கும் ஒரு தடவை ஆல்வினைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. படத்திலாவது. அவனே கிளம்பிவிட்டான்.

ஜமுக்காளத்தில் அவன் முன்னால் உட்கார்ந்தான், பூட்டிக் கிடந்து கிடந்து வெளுத்துப் போயிருந்தான். பக்கவாட்டில் நானும் கலாவதியும். விளக்கை அணைத்த பிறகு டேவிட் வந்தான். வாசல் கதவிலேயே சாய்ந்து நின்றுகொண்டான். அவன் பின்னாலிருந்து ரோஸ்லின் உள்ளே வந்து, இத்தனை இடம் இருக்க, நேராக நடந்துபோய் மோனிஷுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மடியில் ஒரு பை வைத்திருந்தாள். கலாவதி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணே, எம்புள்ளைய எழுப்பிக் கூட்டிக்கினு போயிடறேண்ணே."

"உக்காரும்மா, என் சீன் வரப்போவுது."

வரவில்லை. கிளிசரின் போட்டு, அவ்வளவு வெளிச்சத்தையும் தின்று எடுத்த குளோசப், ஒரு விநாடிகூட இல்லை. போஸ்டரைக் காட்டினான்கள், அதிலும் மேல்பாதி மட்டும். மோனிஷ் முகம், என் வாசகம், அதற்குக் கீழே வெட்டிவிட்டான்கள். இதுதானா மரியாதை, நீங்களே சொல்லுங்கள். திரையில் ஆல்வின் வெறுங்காலோடு தொட்டியைச் சுற்றி ஓடினான், மோனிஷ் துரத்தினான். கலாவதி மட்டும் திரையைப் பார்க்கவே இல்லை, ரோஸ்லினின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேவிட் கதவை விட்டுவிட்டுச் சுவரோரமாக நாலடி உள்ளே வந்திருந்தான்.

படம் முடிந்து நன்றி என்று பெயர்கள் ஏற ஆரம்பித்தன. அதிலாவது இருக்கும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் பார்த்திருப்பீர்களே, கஜபதி என்று வருகிறதா? சரி, விடுங்கள். எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அந்த அம்மாள்தான். சரியாக அந்த நேரத்தில் ரோஸ்லின் மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் எழுந்து முன்னால் குனிந்தாள். திரை பாதி மறைந்துவிட்டது. மோனிஷின் பிடரி விறைத்துப்போனதுகூட எனக்குத் தெரிந்தது, பெயர் தெரியவில்லை. அவன் சட்டைக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடிந்து கிடந்தது. அவள் அதை இரண்டு விரலால் வெளியே எடுத்து, நீவிவிட்டு, மறுபடி உட்கார்ந்தாள்.